சிஸ்டரைத் திட்டும் சிஸ்டர்!

ஆபீஸில் மேனேஜர் காய்ச்சி எடுத்தால் நாம் என்ன செய்வோம்? ஃபைலை மூடி வைத்துவிட்டு நேராக டீக்கடைக்குப் போவோம். அங்கே ஒருத்தர் மேனேஜர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவார். இன்னொருத்தர் அவர் தும்முகிற மாதிரி தும்மிக் காட்டுவார். பாதி கிளாஸ் டீ உள்ளே போவதற்குள் மனசு லேசாகிவிடும். நாம் இல்லாத பத்து நிமிஷத்தில் எந்த ஃபைலும் மூச்சுத் திணறிச் செத்துப்போகாது.

நர்ஸ்களுக்கு அந்த டீக்கடை கிடையாது ஸார். திட்டு வாங்கிய அடுத்த நிமிஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுங்காத கையால் ஒருத்தருக்கு ஊசி போட்டாக வேண்டும். அதுவும் சிரித்த முகத்தோடு!

திட்டுவது யார்? டாக்டரா, நோயாளியின் சொந்தக்காரரா? அவர்களும்தான். ஆனால் ரொம்ப வலிப்பது கூட வேலை பார்க்கும் இன்னொரு சிஸ்டர் திட்டுவதுதானாம். 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்பது வீட்டுக்கு மட்டுமான சமாசாரம் இல்லை. வார்டிலும் தெர்மாமீட்டர் உடைகிறதே!

"இதுல என்ன பெரிய ஆராய்ச்சி? நாலு பொம்பளைங்க ஒரே இடத்துல இருந்தா சண்டை வராதா?" என்றார் என் பக்கத்து சீட்டுக்காரர். எதிர் சீட்டு நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கொல்லிமலைக்காரர். "என் தங்கச்சி நர்ஸ் வேலைக்குப் போய் மூணாம் மாசம் பெட்டியோட வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கா. வேலைன்னு சொன்னாலே அழறா" என்றார்.

அந்த வார சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம்.

சிரித்தே கொல்லும் மலை

நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். முப்பதாவது வளைவில் எனக்குக் காலை இட்லி ஞாபகம் வந்தது. ஐம்பதாவது வளைவில் இட்லியே வந்துவிடும் போலிருந்தது!

மேலே போய்விட்டால் மிளகுக் கொடி, காபிச் செடி, பலா, அன்னாசி என்று சொர்க்கம். இந்த மலையின் பழைய கதைகளில் கொல்லிப்பாவை என்று ஒருத்தி உண்டு. கத்தி, வேல் எதுவும் வேண்டாம் அவளுக்கு. சிரிப்பாள், எதிரில் நிற்பவன் செத்தான்! வார்டிலும் சில பேர் இந்த ஆயுதத்தைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம் புரிந்தது.

இந்த மலைக்கு இங்கிலீஷ் வைத்தியம் வந்த கதையும் சுவாரஸ்யமானது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற வெள்ளைக்கார மிஷனரி தம்பதி சுமார் நூறு வருஷத்துக்கு முன் இங்கே தங்கி வைத்தியம் பார்த்தார்கள். 1929-ல் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். வயசாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று சொன்ன பிறகும் ஈவ்லின் பாட்டி மலைக்கே திரும்பி வந்துவிட்டார். 1974-ல், 95 வயதில்தான் கண்ணை மூடினார். 1914-ல் இந்த மலையில் பிறந்த அவர் மகன்தான் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

அன்றைக்கு வைத்தியம் பார்க்கக் கடல் தாண்டி ஆள் வர வேண்டியிருந்தது. இன்றைக்கு மலைவாழ் குடும்பத்துப் பெண்களே நர்ஸிங் படிக்கிறார்கள். அதில் ஒரு பெண் பெட்டியோடு திரும்பி வந்தால், அது அந்தக் குடும்பத்தின் நஷ்டம் மட்டும்தானா? மலைக்கே நஷ்டம்.

"அறுபதா, ஆறா?"

நண்பரின் தங்கைக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசிருக்கும். டிப்ளமா நர்ஸிங். சமவெளியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. (பெயர் வேண்டாம். எந்த ஊர் என்பதும் வேண்டாம்.)

"முதல் வாரம் ஒண்ணும் தெரியலீங்கண்ணா. அப்புறம் நான் பேசறதைப் பேசிக் காட்டிச் சிரிச்சாங்க. 'மலையில ஊசி உண்டா, வேப்பிலைதானா?'ன்னு பேஷண்ட் முன்னாலயே கேட்டாங்க. ராத்திரி டூட்டி எல்லாம் எனக்கே போட்டாங்க. டூட்டி மாத்தும்போது பாதி விஷயத்தைச் சொல்லாம போயிடுவாங்க. காலையில ஹெட் நர்ஸ் வந்து, 'இதைக்கூடப் பார்க்கலையா?'ன்னு எல்லார் முன்னாலயும் கத்துவாங்க."

"நீ எதிர்த்துக் கேட்கலையாம்மா?"

"கேட்டா மட்டும்? 'எதுக்கெடுத்தாலும் சந்தேகம், எப்படித்தான் பாஸ் பண்ணினியோ'ம்பாங்க. அதனால கேட்கறதையே நிறுத்திட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். விஷயமே இதில்தான் இருக்கிறது.

ஒரு ராத்திரி. சர்க்கரை நோயாளி ஒருத்தருக்கு இன்சுலின். கேஸ் ஷீட்டில் 6 என்று எழுதி, பக்கத்தில் யூனிட்டைக் குறிக்க 'யு' என்ற ஒற்றை இங்கிலீஷ் எழுத்து. அவசரக் கிறுக்கலில் அந்த 'யு'வின் வாய் மூடிக்கொண்டு சைபர் மாதிரி இருக்கிறது. ஆறா, அறுபதா? அறுபது என்றால் ஆளையே தூக்கிவிடும். இந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சீனியர் நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் சிரிப்பார்.

"அஞ்சு நிமிஷம் சிரிஞ்சைக் கையில வெச்சுக்கிட்டே நின்னேங்கண்ணா. டூட்டி டாக்டர் அந்தப் பக்கமா வந்தார். அவரைக் கேட்டேன். ஆறுன்னார். அவர் வராம இருந்திருந்தா..."

மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டிவிட்டார்.

அந்தக் கிறுக்கல் அந்த ஆஸ்பத்திரியில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. உலகம் பூரா பிரசித்தமான குழப்பம். அதனால்தான் எழுத்தைச் சுருக்காமல் 'யூனிட்' என்று முழுசாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2008-லேயே ஓர் எச்சரிக்கை விட்டது. ஊழியர்களை மிரட்டுவதும் அவமானப்படுத்துவதும் மருத்துவத் தவறுகளில் கொண்டுபோய் விடும் என்று. ஆக, சிஸ்டர் சிஸ்டரைத் திட்டினால் கட்டிலில் படுத்திருக்கும் நமக்கும் ஆபத்து!

காக்காய்க் கூட்டமும் நைட்டிங்கேலும்

பகலில் வழிதவறி வெளியே வந்த ஆந்தையைக் காக்காய்கள் கூடிக் கொத்தி விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விலங்குகளை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் இந்த மாதிரிக் கூட்டத் தாக்குதலை 'மாபிங்' என்ற வார்த்தையால் குறிப்பிட்டார். 1980-களில் ஸ்வீடனில் ஹைன்ஸ் லேமன் என்ற உளவியல் நிபுணர் அதே வார்த்தையை ஆபீஸ், ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு தடவையாவது, ஆறு மாசமாவது தொடர்ந்தால் அது 'மாபிங்' என்பது அவர் கணக்கு. 1993-ல் ஸ்வீடன் இதைத் தடுக்கத் தனி விதியே கொண்டுவந்தது.

நர்ஸ்களுக்கென்றே ஒரு கசப்பான வாசகம் உண்டு: 'நர்ஸ்கள் தங்கள் குட்டிகளைத் தாங்களே தின்கிறார்கள்'. 1986-ல் ஜூடித் மைஸ்னர் என்ற நர்ஸிங் ஆசிரியை எழுதியது. அவரும் நர்ஸ்தான்!

கை விளக்கேந்திய காரிகை ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலே இதற்கு விலக்கில்லை. 1854-ல் கிரைமியா போருக்காக 38 நர்ஸ்களோடு துருக்கிக்குப் போனார். அடுத்த மாசமே அவருடைய சிநேகிதி மேரி ஸ்டான்லி, நாற்பதுக்கும் மேற்பட்ட நர்ஸ்களோடு வந்து இறங்கினார். சந்தோஷப்பட்டாரா? 'என்னைக் கேட்காமல் யார் இவர்களை அனுப்பியது?' என்று ராஜினாமா வரைக்கும் போய்விட்டார். விளக்கில் சூடும் உண்டல்லவா!

கல் எங்கிருந்து உருள்கிறது?

அப்படியானால் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதுதான் சரியா? பெண்கள் என்றாலே இப்படித்தானா?

"பேத்தல் தம்பி!" என்றார் ரிட்டயரான ஒரு நர்ஸம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் வார்டுகளில் கழித்தவர். நண்பர்தான் கூட்டிக்கொண்டு போனார். "உங்க ஆபீஸ்ல ஹெட்கிளார்க் புதுப்பையனைப் படுத்தறதில்லையா? அவருக்கு மீசை இல்லையா? மலையில மேல ஒரு கல்லு பெயர்ந்தா என்னாகும்? ஒவ்வொரு வளைவா உருண்டு, கடைசியில அடிவாரத்துல நிக்கிறவன் தலையிலதான் விழும். பெரிய டாக்டர் சின்ன டாக்டரைக் கத்துவார். அவர் ஹெட் நர்ஸைக் கத்துவார். ஹெட் நர்ஸ் சீனியரை. சீனியருக்குக் கீழ யாரு? நேத்து வந்த பொண்ணு."

இதையேதான் 1983-ல் அமெரிக்க நர்ஸிங் பேராசிரியை சூசன் ராபர்ட்ஸ் கட்டுரையாக எழுதினார். மேலே இருப்பவரை எதிர்க்க முடியாத கூட்டம் தனக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் என்று. ஆணோ பெண்ணோ, அதிகாரம் இல்லாத இடத்தில் கோபம் பக்கவாட்டில்தான் பாயும்.

நம் ஊரில் அந்தக் கல்லைப் பெயர்ப்பது எது?

ஆள் பற்றாக்குறை ஒன்று. பொது வார்டில் பயிற்சி ஆஸ்பத்திரி என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரி என்றால் 5 பேருக்கு ஒருத்தர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்கு. நண்பரின் தங்கை பார்த்த வார்டில் ராத்திரி இரண்டு பேர்தான், முப்பது கட்டில்களுக்கு! அதில் ஒருத்தர் புதுசு என்றால் இன்னொருத்தருக்கு எரிச்சல் வருமா, வராதா?

சம்பளம் இன்னொன்று. தமிழக அரசு 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்த நர்ஸ்களுக்கு மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ஒரே வார்டு, ஒரே ஊசி, ஒரே ராத்திரி. பக்கத்தில் நிற்கும் நிரந்தர நர்ஸுக்குச் சம்பளம் பல மடங்கு. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியது ஞாபகம் இருக்கலாம். பிறகு தொகை உயர்ந்தது. ஆனால் 'நீ கான்ட்ராக்ட்தானே?' என்ற ஒரு வார்த்தை வார்டில் எப்படி வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தனியாரில் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 2011, 2012-ல் கேரளாவிலும் சென்னையிலும் நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் இது வெளியே வந்தது. 2016-ல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் மாசம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசுதான்!

எது கண்டிப்பு, எது கொடுமை?

இங்கே ஒரு ஜாக்கிரதை. நோயாளிக்கு மூச்சு நின்றுபோகிற நேரத்தில், "ஓடு! ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தள்ளிட்டு வா! நிக்காதே!" என்று சீனியர் கத்தினால் அது கொடுமை இல்லை. உயிர் பிழைத்த பிறகு, "உனக்கு ஏன் கை நடுங்கிச்சு, வா சொல்லித் தர்றேன்" என்றால் அவர் குரு. அதையே ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தால்... கொல்லிப்பாவை!

வார்டில் இது எப்படியெல்லாம் வரும்? புருவத்தைத் தூக்குவது, உதட்டைச் சுழிப்பது. முகத்துக்கு நேரே குத்தலாகப் பேசுவது. தகவலை மறைப்பது. தெரிந்தே மாட்டிவிடுவது. ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் தலையில் கட்டுவது. கோள் சொல்வது. நம்பிச் சொன்ன ரகசியத்தை வார்டு முழுக்கப் பரப்புவது. (எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது. நர்ஸ்களைப் பற்றித்தான் எழுதுகிறேனா, நம் ஆபீஸைப் பற்றியா?)

சமாளிக்க சில வழிகள்

2004-ல் மார்த்தா கிரிஃபின் என்ற அமெரிக்க நர்ஸிங் ஆராய்ச்சியாளர் பாஸ்டனில் ஒரு காரியம் செய்தார. புதிதாக வேலைக்கு வந்த 26 நர்ஸ்களுக்கு இந்தத் தொல்லைகள் எப்படியெல்லாம் வரும் என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்க்க வைத்து, அந்தப் பதில்களைச் சின்ன அட்டையில் அச்சடித்து அடையாள அட்டையோடு தொங்க விட்டார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து விசாரித்தால், நேருக்கு நேர் நிதானமாகப் பேசியவர்களிடம் தொல்லை நின்றுபோயிருந்தது!

இந்தக் கதையை நர்ஸம்மாவிடம் சொன்னேன். "அட்டை எதுக்கு? வாயில இருந்தா போதும்" என்று தமிழிலேயே எடுத்துக் கொடுத்தார்.

1. முகம் சுழித்தால்: "சிஸ்டர், ஏதோ சொல்ல நினைக்கிறீங்கன்னு தோணுது. நேராவே சொல்லிடுங்க, கேட்டுக்கறேன்."

2. எல்லார் முன்னாலும் கத்தினால்: "தப்பு இருந்தா திருத்திக்கறேன் சிஸ்டர். பேஷண்ட் முன்னால வேணாம், தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க."

3. தகவலை மறைத்தால்: "இது ஹேண்டிங் ஓவர்ல எனக்கு வரலை. வேற ஏதாவது விட்டுப் போயிருக்கா? நான் எழுதிக்கறேன்." (எழுதிக்கறேன் என்ற வார்த்தைக்குத் தனி சக்தி உண்டு!)

4. இல்லாதவரைப் பற்றிப் பேசினால்: "அவங்க வரட்டும் சிஸ்டர், அவங்ககிட்டயே கேட்டுக்கலாம்."

5. மருந்து அளவில் சந்தேகம் என்றால், யார் சிரித்தாலும் சரி, கேட்டே தீர வேண்டும். "சிரிப்பு ரெண்டு நிமிஷம். செத்துப்போன பேஷண்ட் ஆயுசுக்கும் கூடவே வருவார்" என்றார் நர்ஸம்மா.

6. டைரி. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர். 'ரொம்பக் கொடுமைப்படுத்துறாங்க' என்றால் நிர்வாகம் கொட்டாவி விடும். 'இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, இன்னார் முன்னிலையில்' என்றால் நிமிர்ந்து உட்காரும்.

7. புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த தபால் செக்ஷன் வித்தைதான்.

8. ஒரு துணை. வார்டில் ஒரே ஒரு சிநேகிதி போதும். கூட்டம் தனி ஆளைத்தான் கொத்தும்.

நிர்வாகத்துக்கும் வேலை இருக்கிறது. டூட்டி பட்டியலை எல்லோரும் பார்க்கிற மாதிரி சுவரில் ஒட்டட்டும். ஹேண்டிங் ஓவர் வாய்ப்பேச்சாக இல்லாமல் அச்சடித்த தாளில் நடக்கட்டும். புதுசாக வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சீனியரைப் பொறுப்பாகப் போடட்டும். மூன்றுமே அதிகம் செலவில்லாத வைத்தியம்!

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்வீடன் 1993-ல் கொண்டுவந்த விதி மாதிரி, வேலையிடக் கொடுமைக்கென்றே பொதுவான தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் கை வெறுங்கையும் இல்லை. பாலியல் தொல்லை என்றால் 2013-ம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்திலேயே விசாரணைக் கமிட்டி இருக்க வேண்டும். நர்ஸிங் மாணவிகளுக்குத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் (1997) உண்டு. ராகிங் புகாருக்கான தேசிய இலவச எண் 1800-180-5522. மலைவாழ் பெண்ணைப் பழங்குடி என்று சொல்லிப் பலர் அறிய இழிவுபடுத்தினால் 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். 'மலையில வேப்பிலைதானா?' பேர்வழிகள் இதைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மனசு உடைந்துபோனால் 14416-க்குப் போன் செய்து பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். பைசா செலவில்லை.

வாசக நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவியோ தங்கையோ நர்ஸாக இருந்தால், நைட் டூட்டி முடிந்து வந்து ஏதாவது சொல்லும்போது "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பேப்பரை விரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள். அப்பாவையோ அம்மாவையோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், டாக்டரிடம் காட்ட முடியாத கோபத்தை நர்ஸிடம் காட்டாதீர்கள். உருளும் கல்லில் நாம் தள்ளுவதும் ஒன்று!

42 வருஷம்

நர்ஸ்கள் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பை கே.ஈ.எம். ஆஸ்பத்திரி சாட்சி. 1973-ல் அங்கே வேலை பார்த்த அருணா ஷான்பாக் என்ற நர்ஸ், ஒரு வார்டு பாயின் கொடூரத் தாக்குதலில் நினைவிழந்து படுக்கையில் விழுந்தார். 2015-ல் இறக்கும் வரை, 42 வருஷம், அவரைப் பார்த்துக்கொண்டது அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்கள்தான். அவர் விழுந்தபோது பிறந்தேயிராத பெண்கள்கூட அந்த வார்டுக்கு வந்து முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். 2011-ல் கருணைக்கொலை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே அவர்களைப் பாராட்டியது. 'நாலு பொம்பளைங்க ஒரே இடத்துல இருந்தா' என்று ஆரம்பிப்பவர்களுக்கு இந்தப் பதில் போதும்.

நண்பரின் தங்கை? நர்ஸம்மா அவரைப் பத்து நாள் வீட்டுக்கு வரவழைத்து ஒத்திகை பார்த்தார். சீனியராக இவரே நடித்து, புருவத்தைத் தூக்கி, குத்தலாகப் பேசி! முதல் மூன்று நாள் அழுகை. நாலாம் நாள் சிரிப்பு. பத்தாம் நாள் பதில் வந்துவிட்டது. இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். அங்கேயும் ஒரு கொல்லிப்பாவை உண்டாம். "பரவாயில்லீங்கண்ணா, சமாளிச்சுக்கறேன்" என்றார் போனில்.

சீனியர் சிஸ்டர்களுக்குச் சொல்ல மலைப்பாதையிலேயே ஒரு விதி இருக்கிறது. மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. குறுகலான மலைச் சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்கி வருகிற வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஏறுபவருக்குத்தானே மூச்சு வாங்கும்!